ஏரி கொடுத்த ராலி

பாண்டுரங்கனுக்குக் கையில் இருக்கிற நிதானம் வாயில் கிடையாது. இருந்திருந்தால், அண்ணன் மகள் ஜெயத்துக்கு நிச்சயத் தட்டு மாற்றுகிற நேரத்தில், அத்தனை பேர் கூடிய சபையில் அப்படி ஒரு வார்த்தையை விட்டிருப்பானா? மாப்பிள்ளை வீட்டார் சீராக ஒரு சைக்கிள் கேட்டார்கள். அந்தப் பக்கத்தில் எல்லாரும் கேட்பதுதான். காஞ்சிபுரம் போய்ப் புது வண்டி ஒன்றை வாங்கி வந்து மாலை போட்டு நிறுத்தியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். மாப்பிள்ளைப் பையன் மட்டும் கூச்சத்தோடு, இப்போது வருவதெல்லாம் வெறும் தகரம், அந்தக் காலத்து வண்டி மாதிரி வராது என்று முனகினான். அது போதாதா இவனுக்கு?

"அசல் இங்கிலீஷ் ராலியே தரேன் மாப்ளே. எங்கையால செஞ்சு தரேன். ஓட்டிப் பார்த்துட்டு அப்பறம் சொல்லு," என்றான்.

சபை சிரித்தது, தலையாட்டியது. தட்டு கை மாறியது. சொன்ன சொல் சீரில் சேர்ந்துவிட்டது.

வெறும் வாய்ச்சவடால் என்றும் அதைச் சொல்லிவிட முடியாது. ஒரகடம் கூட்டுரோட்டில் அவனுக்கு ஒரு சைக்கிள் கடை இருந்தது. வாடகை வண்டியும் பஞ்சரும் சோறு போட்டன. ஆனால் அவன் உயிர் பழைய இரும்பில் கிடந்தது. மிராசுதார் வீட்டு மாட்டுக்கொட்டகையில் சாணி அப்பிக் கிடக்கும் ஹம்பர் சைக்கிள், ரிடையரான தபால்காரர் வீட்டுப் பரணில் தலைகீழாகத் தொங்கும் பி.எஸ்.ஏ. இப்படி எங்கே ஒன்று இருப்பதாகக் காதில் விழுந்தாலும் கடையைப் போட்டது போட்டபடி ஓடுவான். பேசிப் பேசி வாங்கி வந்து, கழற்றி, ஊறவைத்து, தேய்த்து, கறுப்படித்துத் தங்கக் கோடு இழுத்து நிறுத்தினால் போகிறவர் வருகிறவர் நின்று பார்ப்பார்கள். பழைய வண்டி தேடி மெட்ராஸிலிருந்துகூட அவனிடம் ஆள் வந்ததுண்டு.

இத்தனை பெயர் பெற்றவனுக்கு, வேண்டிய நேரத்தில் ஒரு ராலி கிடைக்கவில்லை. கல்யாண நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. ஏதாவது ஒரு பழைய ஃபிரேமில் ராலி என்று எழுதி ஒட்டிவிடலாமா என்றுகூட யோசித்தான். அப்போதுதான் ஏரிக்கரை ஊர்க்காரன் மண்ணாங்கட்டியின் மாட்டுவண்டி கடை வாசலில் வந்து நின்றது.

அந்த வருஷம் செம்பரம்பாக்கம் ஏரி வற்றியிருந்தது. நினைவு தெரிந்த நாளாக அப்படி ஒரு வறட்சி கிடையாது. கரையோரத்து ஊர்க்காரர்கள் மாட்டுவண்டி கட்டிப் போய் வண்டல் வெட்டி வயல்களுக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். மண்ணாங்கட்டியும் அப்படி வெட்டப் போனவன்தான்.

"ஏரிக்குள்ள கடப்பாரை போட்டேன், டங்குன்னு கேட்டுது. பார்த்தா சைக்கிள். நீதான் இந்தக் கருமத்தையெல்லாம் வாங்குவேன்னாங்க. இன்னா, வேணுமா?" என்றான்.

ரிம் செத்துப்போயிருந்தது. சக்கரத்துப் போக்ஸ் கம்பிகள் தொட்டால் உதிர்ந்தன. சீட்டின் தோல் போன இடம் தெரியவில்லை. பாண்டுரங்கன் ஹேண்டிலுக்குக் கீழே கட்டைவிரலால் சேற்றை வழித்தான். ராலியின் நாரைத்தலை முத்திரை தெரிந்தது. சுத்தியலால் ஃபிரேமைத் தட்டினான், மணி மாதிரி பேசியது. ஆழமான சேறு காற்றை உள்ளே விடாது. காற்று போகாத இடத்தில் துருவுக்கும் வேலை இல்லை. குலதெய்வத்தை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

அண்ணன் தாண்டவராயன் ஓட்டியதும் ஒரு ராலிதான். அந்த நினைப்பு அவனுக்கு வராமல் இல்லை. ஆனால் ராலி ஊருக்கு நாலு இருந்த காலம் அது. அதோடு, அண்ணன் வண்டி போன கதை ஊருக்கே தெரியும்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி அடைமழையில், பூந்தமல்லி அரிசி மில்லுக்குக் காலையில் வேலைக்குப் போன தாண்டவராயன் திரும்பி வரவில்லை. சாயங்காலம் மில்லை விட்டுக் கிளம்பியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அப்புறம் பார்த்தவர்கள் இல்லை. பிறகு ஒருத்தர், தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் அவர் வண்டி நின்றதைப் பார்த்ததாகச் சொன்னார். அவ்வளவுதான், ஊருக்கு அவல் கிடைத்துவிட்டது. ரயிலேறிப் போய்விட்டான் என்றார்கள். மில்லில் நெல் புடைக்க வந்த ஒருத்தியோடு பெங்களூரில் குடித்தனம் நடத்துகிறான் என்றார்கள். திருவண்ணாமலையில் காவி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்றும் சொன்னார்கள். பாண்டுரங்கன் இந்த மூன்று ஊருக்கும் போய்ச் செருப்புத் தேய்ந்து திரும்பினான்.

அண்ணி சுந்தராம்பாள் எங்கும் போகவில்லை. தாலி கழுத்தில் இருந்தது, பொட்டு நெற்றியில் இருந்தது. வடக்குப்பட்டில் அதே வீட்டில், கொழுந்தனோடும் ஓரகத்தி பாஞ்சாலியோடும் இருந்து, நாற்று நட்டு, களையெடுத்து, மகளை ஆளாக்கினாள். முதுகுக்குப் பின்னால் ஊர் அவளை ஓடிப்போனவன் பெண்டாட்டி என்றது. சில நாக்குகள் முகத்துக்கு நேராகவே சொல்லின. அவள் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. யார் முன்னாலும் அழுததும் இல்லை. உயிரோடு இருக்கிறவனுக்காக ஒப்பாரி வைக்க எந்தச் சாஸ்திரத்தில் இடம் இருக்கிறது?

பாண்டுரங்கன் அந்த ஏரி வண்டியைக் கடையில் வைக்காமல் வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுபோனான். கல்யாண வண்டியில் கண்டவன் கை படக் கூடாது என்பது அவன் கணக்கு. ஃபிரேமைக் கிருஷ்ணாயிலில் நனைத்த சாக்கால் சுற்றி ஊறவைத்துவிட்டுக் கடைக்குப் போனான். இரண்டு நாள் கழித்துச் சாக்கைப் பிரித்து, உப்புத்தாளால் தேய்க்க உட்கார்ந்தான்.

சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே ஓடுகிற பாரில், கட்டிதட்டிப் போயிருந்த சேறு பெயர்ந்து விழுந்தது. உள்ளே மஞ்சளாக ஏதோ மின்னியது. இன்னும் தேய்த்தான். பித்தளைப் பற்று. இரண்டு சின்னக் கொக்கிகள், ஒரு சாண் இடைவெளியில். பற்றவைத்த கைக்கு வேலை தெரியவில்லை. பித்தளை அளவுக்கு மீறி உருகி, பொங்கின பால் அடுப்பில் வழிந்த மாதிரி பாரைச் சுற்றி வழிந்திருந்தது.

உப்புத்தாளைக் கீழே வைத்தான். பற்றவைத்த அந்தக் கை அவனுடையதுதான்.

பூந்தமல்லியில் வேலை பழகிக்கொண்டிருந்த நாளில், முதலாளி இல்லாத நேரம் பார்த்து அவன் வைத்த முதல் பற்று அது. குழந்தை ஜெயத்தை முன்னால் உட்காரவைக்க ஒரு குட்டிப் பலகை மாட்டித் தரச் சொல்லி அண்ணன் வந்து நின்றார். வேலை முடிந்ததும் குனிந்து பார்த்துவிட்டு, "நாய் வாந்தியெடுத்தாப்ல கீது. ஆனா கெட்டியா புடிச்சிக்கினு கீதுடா," என்று சிரித்தார். அந்தப் பலகையில்தான் ஜெயம் ஊரையெல்லாம் சுற்றினாள். பெல்லை அடித்துக்கொண்டே வருவாள்.

பாண்டுரங்கனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாய்விட்டு அழவும் முடியாது. வீட்டுப் பின்கட்டில் அண்ணியும் பாஞ்சாலியும் கல்யாணத்துக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தார்கள். ஏன் அழுகிறாய் என்று ஓடி வந்தால் என்ன சொல்வான்?

சொன்னால் என்ன ஆகும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். செத்து எத்தனை வருஷமானாலும், சேதி காதில் விழுந்த நாளிலிருந்துதான் தீட்டு. பங்காளி அத்தனை பேருக்கும் தீட்டு. கல்யாணம் நிற்கும். நின்ற கல்யாணம் மறுபடி கூடுமா என்று யார் கண்டது? ஓடிப்போனவன் மகள் என்று இதுவரை எத்தனை இடம் தட்டிப்போயிருக்கிறது! கூடினாலும், மகள் கழுத்தில் தாலி ஏறுகிறபோது பெற்றவள் வெறும் நெற்றியோடு ஒரு மூலையில் நிற்க வேண்டும். ஆரத்தித் தட்டைத் தொட விடமாட்டார்கள்.

மறுநாள் மண்ணாங்கட்டியைத் தேடிப் போனான். அவன் ஏரிக்குள் கூட்டிப்போய் இடத்தைக் காட்டினான். பூந்தமல்லியிலிருந்து கரைமேல் வருகிற வழியில், மதகைத் தாண்டி, வடக்குப்பட்டுப் பக்கம், கரை வளைகிற இடம். மழைக்காலத்தில் அங்கே கரை சரிவது வழக்கம்.

"வேற ஏதாச்சும் கெடச்சுதா?" என்றான் பாண்டுரங்கன்.

"இன்னான்னு பார்க்கறது? கல்லும் முள்ளும் சிப்பியும் கலந்துதான் கீது. அள்ளி அள்ளி வயல்ல கொட்டிட்டோம். ஏன் கேக்கற?"

பாண்டுரங்கன் ஒன்றுமில்லை என்றான். திரும்பி வருகிற வழியெல்லாம் இரண்டு பக்கமும் புது வண்டல் கொட்டின வயல்களைப் பார்க்க முடியாமல், முன்சக்கரத்தைப் பார்த்தபடியே ஓட்டினான்.

அவன் முன்னால் ஒரு வழிதான் இருந்தது. சபையில் கொடுத்த வாக்கு; வேறு ராலி இல்லை, தேட நாளும் இல்லை. கொல்லையில் உட்கார்ந்து அரத்தை எடுத்தான். கொக்கிகளை அறுத்து, பித்தளை வழிந்த இடத்தைத் தேய்த்தான். ஒவ்வொரு இழுப்புக்கும் மஞ்சள் பொடி மடியில் உதிர்ந்தது. செத்தவரை இன்னொரு தரம் நாமே சாகடிக்கிறோம் என்றுதான் அவனுக்குத் தோன்றியது. பார் வழவழவென்று ஆனதும் கறுப்படித்தான், காயவிட்டு மறுபடி அடித்தான். தங்கக் கோடு மட்டும் நேராக வரவில்லை. இழுத்ததைத் துடைத்துத் துடைத்து இழுத்தான்.

அண்ணி அந்தப் பக்கம் வந்தாள், போனாள். மோர் கொண்டுவந்து வைத்தாள். "நல்லா வந்துகீது தம்பி," என்றாள் ஒருமுறை. அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நெற்றிப்பொட்டைப் பார்க்கிற தைரியம் அவனுக்கு இல்லாமல் போயிருந்தது.

கல்யாணத்தன்று பாண்டுரங்கனும் பாஞ்சாலியும் மணையில் உட்கார்ந்து பெண்ணைத் தாரை வார்த்தார்கள். செம்பிலிருந்து தண்ணீர் விழுகிறபோது அவன் கண்ணை மூடிக்கொண்டான். பெண்ணைக் கொடுக்கிற ஏக்கம் என்று பார்த்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். சேதி தெரிந்த கையால் தாரை வார்க்கிறேனே, இந்தப் பாவம் என்னோடு போகட்டும், பெண்ணை ஒன்றும் செய்துவிடாதே என்று அவன் உள்ளுக்குள் மன்றாடிக்கொண்டிருந்தது யாருக்குத் தெரியும்? பாஞ்சாலிக்கே தெரியாது.

பந்தல்கால் ஓரமாக ராலி மாலையோடு நின்றது. தாலி கட்டி முடிந்ததும் சீர்ப்பொருள்களுக்குப் பொட்டு வைக்கச் சுந்தராம்பாள் தட்டோடு வந்தாள். அண்டாவுக்கு வைத்தாள், குத்துவிளக்குக்கு வைத்தாள். சைக்கிள் ஹேண்டிலில் சந்தனம் தடவினாள். பிறகு குனிந்து, பாரின் நடுவில் விரலை ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்திக் குங்குமம் வைத்தாள். ஒரு சாண் தள்ளி இன்னொன்று வைத்தாள். பாண்டுரங்கன் அந்த இரண்டு பொட்டையும் பார்த்தான். தற்செயல்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டான்.

வெயில் தாழ்ந்ததும் பெண்ணழைத்துப் போக வண்டி கட்டினார்கள். மாப்பிள்ளை கேட்கவில்லை. ராலியை எடுத்து, ஜெயத்தைக் கேரியரில் உட்காரவைத்துக்கொண்டு, ஊர் எல்லை வரைக்கும் அதில்தான் போவேன் என்று கிளம்பிவிட்டான். ஜெயம் வெட்கத்தோடு திரும்பித் திரும்பி அம்மாவைப் பார்த்துக்கொண்டே போனாள். பெல் சத்தம் தெருமுனை வரை கேட்டது. பிறகு கேட்கவில்லை.

பந்தலில் ஆள் குறைந்தது. வாழைமரத்தடியில் உட்கார்ந்திருந்த பாண்டுரங்கனிடம் சுந்தராம்பாள் வந்து நின்றாள்.

"ஏரில எந்த எடம் தம்பி?"

அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். "அண்ணி..."

"நீ சாக்கு சுத்தி வெச்சிட்டுக் கடைக்குப் போனியே, அன்னிக்கே பிரிச்சுப் பார்த்தேன். பாரைத் தடவினேன், சேத்துக்குள்ள அந்தக் கொக்கி கைக்குத் தட்டுப்பட்டுது. நானே அள்ளிச் சேத்தை அப்பி மூடி வெச்சேன். கல்யாணம் முடியற வரைக்கும் உங்கண்ணுல படக் கூடாதுன்னு வேண்டிக்கினேன். அப்பறம் அரம் போடற சத்தம் கேட்டுது. சரி, தம்பிக்கும் தெரிஞ்சு போச்சுன்னு நெனச்சேன்."

"தெரிஞ்சேதான் தாரை வார்த்தேன் அண்ணி. தீட்டோட பண்ணிட்டேன்."

"இன்னா தீட்டு? தெரிஞ்சா தீட்டா? ஒருத்தர் வாயால சொல்லி இன்னொருத்தர் காதால கேட்டாத்தான் தீட்டு. நீ சொல்லல, நான் கேக்கல. எம்பொண்ணு கல்யாணம் சுத்தமாத்தான் நடந்துகீது."

அவள் குரலில் நடுக்கமே இல்லை. நெற்றியில் காலையில் வைத்த பொட்டு வியர்வையில் லேசாகக் கரைந்திருந்தது. அவன் எதிரில் தரையில் மெல்ல உட்கார்ந்தாள்.

"பொண்ணு எல்லை தாண்டியிருப்பா. இப்ப சொல்லு தம்பி. நீ சொன்னாத்தான் நான் அழலாம்."

சபையில் அத்தனை பேர் முன்னால் தடையில்லாமல் புரண்ட நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் அவசரப்படுத்தவில்லை.

"அண்ணன் செத்துட்டாரு அண்ணி," என்றான் கடைசியில். "மதகுக்கு இந்தாண்ட, நம்மூரு பக்கம். எங்கயும் ஓடிப்போவல. வூட்டுக்குத்தான் வந்துகினு இருந்துகீறாரு."

சுந்தராம்பாள் தலையை ஆட்டினாள். பிறகு இரண்டு கையாலும் மார்பில் அறைந்துகொண்டு, தெருவெல்லாம் கேட்க அழ ஆரம்பித்தாள்.