டெல்மர் பார்க்காத டொர்னேடோ

1

இந்தக் கதை எனக்கு வேண்டாத வேலை. டெல்மர் கேட்டார், அதனால் உட்கார்ந்தேன். "அந்த மே மாசத்து நாளை அப்படியே எழுதிக் குடு தம்பி. வண்டி ஓட்டினவன் நீ, எனக்குத் தெரியாதது ஏதாவது உனக்குத் தெரிஞ்சிருக்கும்," என்று போன வாரம் போனில் சொன்னார். மூன்று நாளாக எழுதுகிறேன், எழுதியதையெல்லாம் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் தொடக்கம்: கான்சஸ் சமவெளியில் கருமேகங்கள் திரண்டு...

(சே. புயல் துரத்தப் போன இடத்தில் மேகம் திரளாமல் வேறென்ன திரளும்?)

இரண்டாவது: வேனில் ஆறு பயணிகள், ஆறு கேமராக்கள், ஒரே ஒரு...

(யாருக்கு வேண்டும் இந்தப் பட்டியல்.)

2

ஆள் யாரென்றாவது சொல்லிவிடுகிறேன். டெல்மர் தூரத்து மெய்ன் மாநிலக் கடற்கரையில் படகுகளுக்குப் பெயின்ட் அடித்தவர். டொர்னேடோ, அதாவது தரையைத் தொடும் சுழற்காற்று, காட்டக் காசுக்குக் கூட்டிப்போகும் எங்கள் வேனில் நான்கு வருடம் வந்தார், ஒன்றுகூடப் பார்த்ததில்லை. பார்வையின் நடுப்பகுதி மங்கிக்கொண்டே வந்தது. அடுத்த வருடம் பார்வை அநேகமாக இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, அதுதான் கடைசிப் பயணம்.

(இப்படி ஒரு ஆளை நானே கற்பனை செய்திருந்தால், அழவைக்கப் பார்க்கிறான் என்று நீங்கள் புத்தகத்தை மூடியிருப்பீர்கள். நான் என்ன செய்ய? அவர் அப்படித்தான் வந்து ஏறினார்.)

டொர்னேடோ பார்த்த நாளில் மாட்டிறைச்சி ஸ்டேக் விருந்து, பார்க்காத நாளில் பெட்ரோல் பங்க் பீட்ஸா. வேனின் சொந்தக்காரியான என் அக்கா லோரீன் வைத்த சட்டம் இது.

"நான் வந்தாலே கான்சஸ் மாட்டுக்கெல்லாம் நிம்மதி," என்றார் டெல்மர் அன்று காலையில்.

"பேசாம இருங்க, மேகம் கேட்டுடப் போகுது," என்றாள் லோரீன்.

3

மாலை நாலு மணி, கோல்ட்வாட்டர் ஊருக்கு வெளியே. வடக்கே ஒரு புயல், தெற்கே ஒரு புயல். தெற்குக் கோடிப் புயலுக்கு வந்து சேரும் ஈரக்காற்றை மறிக்க எதுவும் இல்லை, அதுதான் பலமாகும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி.

"வடக்கே இருக்கறதை விட்டுட்டுப் போக வேணாம்னு தோணுதுடா," என்றாள் லோரீன், ரேடாரைப் பார்த்தபடி.

"இருபது வருஷமா ரேடார் பார்க்கறியே அக்கா, இதுகூடத் தெரியலையா? தெற்கேதான்."

"சரிடா மேதாவி. ஓட்டு."

வேனே சிரித்தது. தெற்கே ஓட்டினேன். அந்தப் புயல் அரை மணியில் வெளுத்துப் பஞ்சாகிப் போனது. வடக்கே டொர்னேடோ இறங்கிய செய்தி போனில் வந்தது. பீட்ஸா தின்றோம்.

முடிவு அ: வேனைத் திருப்புகிறோம், டெல்மர் பார்க்கிறார், ஸ்டேக். (கூட இருந்தவரிடமே இந்தப் புளுகா?)

முடிவு ஆ: பார்க்காவிட்டால் என்ன, வந்ததே போதும் என்று டெல்மர் புன்னகைக்கிறார். (புன்னகையாவது ஒன்றாவது. பீட்ஸாவைத் தொடாமல் வேனில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டார்.)

4

மூன்று நாளாக எழுத்து ஓடாததற்குக் காரணம் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. தெற்கே ஓட்டிக்கொண்டிருந்தபோது நான்...

தெற்கே ஓட்டிக்கொண்டிருந்தபோது பக்கக் கண்ணாடியில்...

சொல்லித் தொலைக்கிறேன். பார்த்தேன். நாங்கள் விட்டுவந்த மேகத்துக்கு அடியில் வெள்ளையாக, தரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. பத்து நொடி இருக்கும், பிறகு மழை மூடிவிட்டது. மற்ற எல்லாரும் தெற்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டெல்மர் கடைசி இருக்கையில் இருந்தார், ஜன்னலோரமாக. பின்னால பாருங்க என்று சொன்னால் போதும். சொன்னால் லோரீன் ஜெயித்துவிடுவாள். வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன். வெட்கமாக இருக்கிறது.

5

இப்போது அவரால் எழுத்தைப் படிக்க முடியாது. யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். என்னால் ஆகாது. என் குரல் அவருக்குத் தெரியும், நாலாம் பகுதியில் அது என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும்.

நீங்கள் வாசியுங்கள். நாற்காலியை அவருக்குப் பக்கவாட்டில் போட்டுக்கொள்ளுங்கள், ஓரப்பார்வை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. மூன்றாம் பகுதி முடிந்ததும் மூச்சு வாங்க ஒரு நிமிடம் நிறுத்துவீர்கள். அப்போது அவர் உங்கள் பக்கம் திரும்பி, "அவ்வளவுதானா?" என்று கேட்பார்.

நாலாம் பகுதி உங்கள் கையில் இருக்கும். பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.