எந்த அக்கா?

செல்போனில் தம்பி சொன்ன சேதியைக் கேட்டதும், தையல்காரியின் கையிலிருந்த சாக்கட்டி துணி மேலேயே நின்றுவிட்டது.

“நான் கண்டுபிடிச்ச சிறுகோளுக்குப் பேர் வெச்சாச்சு. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல சுத்துதே, அதுக்குத்தான். என்ன பேர் தெரியுமா? ‘அக்கா’!”

அந்தக் கல்லை முதலில் பார்த்து, தவறவிட்டு, மறுபடி பிடித்து, அதன் சுற்றுப்பாதை இதுதான் என்று உறுதியாகி, பேர் வைக்கும் உரிமை கிடைப்பதற்குள் அவனுக்குத் தலையே நரைத்துவிட்டது. பொங்கி வந்த சந்தோஷம் பாதி வழியில் தடுக்கி நின்றது. அவனுக்கு அக்கா இரண்டு பேர்.

“எந்த அக்காடா?”

“பெரியக்காவும் இதையேதான் கேட்டா.”

அம்மா போனபின் அவனை இடுப்பில் சுமந்தவர்கள் இவர்கள் இருவரும். அவன் கல்யாணத்தில் தாயின் இடத்தில் யார் நிற்பது என்று வாய்த்தகராறு வந்து, அன்றைக்குப் பேச்சை விட்டவர்கள்தான், இன்னும் ஒட்டவில்லை.

“மழுப்பாத. பேருக்குக் காரணம் எழுதணும்னியே, என்ன எழுதின?”

“‘மாடியில தூக்கி வெச்சு முதல்முதலா வானத்தைக் காட்டினவள்’னு. முகம் ஞாபகம் இல்லக்கா. நீலச் சட்டைக் கை மட்டும்தான்.”

நீலச் சட்டை! அப்படியானால் தானேதான். ஆனால் வீட்டில் இருந்தது ஒரே நீலச் சட்டை; முதலில் குளித்தவள் போட்டுக்கொள்வாள். மாடி நினைவிருக்கிறது. அவன் எச்சில் ஒழுகிய தோள்கூட நினைவிருக்கிறது. அது தன் தோளா, பக்கத்தில் நின்று பார்த்த தோளா? யோசிக்க யோசிக்கக் குழம்பியது.

தம்பி அக்காமார் இருவருக்குமே இரண்டு படங்கள் அனுப்பினான். ஒரே வானம், வேறு வேறு நேரம்; நகர்ந்திருக்கும் புள்ளிதான் ‘அக்கா’வாம். அவளுக்கோ கறுப்புத் துணியில் சாக்கட்டிப் பொடி கொட்டியது போலிருந்தது.

போன் மறுபடி அடித்தது. பெரியவள்.

“நகர்ற புள்ளி எதுடி?” நேற்றுதான் பேசிவிட்டுப் போனவள் மாதிரி கேட்டாள்.

“மேல, வலது ஓரம்... அதுதானே?”

“உன் கண்ணுல கொள்ளிய வெக்க! கீழ பாரு.”

“கீழ இருக்கறது அப்படியேதான் இருக்கு. நீ கண்ணாடிய மாத்து முதல்ல.”

பெரியவள் குரலைத் தணித்தாள்.

“நீலச் சட்டைன்னானா?”

“ம்.”

“...சரி, நடுவுல பாரு.”

இவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். எல்லாப் புள்ளிகளும் கொஞ்சம் நகர்ந்தது போலவும், எதுவுமே நகராதது போலவும் இருந்தது.