மஞ்சள் கோட்டுக்காரியின் பல் செட்

என் வாயில் இருக்கிற பல் செட்டின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அந்தச் செட்டைச் செய்து கொடுத்தவள் வாயாலேயே கேட்டது. அவளிடம் இருந்த கேசட்டில் பாடிய பெண்ணுக்கு வயது ஏறிக்கொண்டே போனது. மற்றவர்கள் வீட்டுக் கேசட்டுகள் தேயும், சிக்கும். இது மூப்படைந்தது.

சின்ன வயதில் அவளுக்கு அதை அப்பா வாங்கி வந்தார். பக்கத்துக்கு நாலு பாட்டு. அட்டையில் மஞ்சள் கோட்டு போட்ட இளம்பெண் ஒருத்தி மைக்கைக் கடித்துவிடுவது போலச் சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அந்தப் பாடகிக்கு மஞ்சள் கோட்டுக்காரி என்றே பேராகிவிட்டது. சிறுமி பள்ளிக்குக் கிளம்பும்போதும் அந்தக் கேசட்டைப் போட்டாள், திரும்பி வந்ததும் போட்டாள், நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றி மறுபடியும் போட்டாள். இரண்டாம் வருடம் பாடகிக்கு ஜலதோஷம் பிடித்தது. அதற்கடுத்த வருடம், கடைசிப் பாட்டில் குரல் உச்சத்துக்கு ஏறுமுன் அவள் தொண்டையைச் செருமிக்கொள்வது தெளிவாகக் கேட்டது.

"போட்டுப் போட்டு உயிரை வாங்கினா அவ என்னடி பண்ணுவா? அவளும் மனுஷிதானே" என்றாள் அம்மா, வெங்காயத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே.

சிறுமி சட்டென்று பாட்டை நிறுத்தினாள். அடுத்த தடவை அந்த உச்சத்திலேயே மூச்சு நின்றுவிட்டால்? பழி யார் தலையில் விழும்? கேசட்டைப் பஞ்சு வைத்த டப்பாவில் படுக்கவைத்தாள். ஆனால் பழகிய காது சும்மா இருக்குமா? பாடகிக்கு ஓய்வு கொடுப்பதற்காக மற்ற இசையையெல்லாம் கேட்கத் தொடங்கினாள். வயலின், டிரம்பெட், போலீஸ் பேண்டு, பக்கத்துத் தெருவில் யாரோ தப்பும் தவறுமாகப் பழகிய பியானோ, எதையும் விடவில்லை. வளர்ந்து, பல் செட் கட்டும் கடை வைத்து, ஒரு பஸ் டிரைவரைக் கட்டிக்கொண்ட பிறகும் அப்படித்தான். மெழுகு உருகும்வரை ஒரு இசைத்தட்டு, அச்சு காயும்வரை இன்னொன்று. இசையில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று பேரெடுத்தாள். அவ்வளவும் ஒரே ஒரு கேசட்டைக் கேட்காமல் இருப்பதற்காக.

அவ்வப்போது டப்பாவைத் திறந்து காதில் வைத்துப் பார்ப்பாள். சில நாள் மூச்சு கேட்கும். கேட்காத நாட்களில் அவள் கட்டிய கடைவாய்ப் பற்கள் கோணலாக நின்றன.

டிரைவர் ஓய்வு பெற்று வீட்டோடு இருந்த ஒரு காலையில் அவருக்குப் பொறுமை போய்விட்டது. "அவ இருக்காளா போயிட்டாளான்னு தெரியாம நீதான் தெனமும் செத்துட்டிருக்க" என்றபடி கேசட்டைச் செருகினார். "ஐயோ, வேணாங்க!" என்று அவள் அச்சு மாவு பூசிய கைகளோடு ஓடி வருவதற்குள் பட்டனை அமுக்கிவிட்டார்.

டிரம்மும் கிதாரும் அன்றுபோலவே துள்ளின. பாட்டு எடுக்கவேண்டிய இடத்தில் ஒரு கிழவியின் குரல் வந்தது.

"இத்தனை வருஷமா எங்கடி போயிட்ட? சும்மா கெடந்து கெடந்து பல்லெல்லாம் கொட்டிப்போச்சு. இப்ப எதை வச்சுப் பாட?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே, குரலில் காற்று எங்கெங்கே ஒழுகுகிறது என்று தொழில் காது கவனித்துவிட்டது.

"'சா' சொல்லுங்கம்மா. இப்ப 'தா' சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா."

மேலே முன்பல் நாலும் இல்லை, கீழே இடது பக்கம் காலி. கேட்டே அளவெடுத்தாள். இரண்டே நாளில் செட்டைச் செய்து, தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு டேப் ரெக்கார்டர் பக்கத்தில் வைத்தாள். மறுநாள் கிண்ணத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது. கடைசிப் பாட்டைப் போட்டார்கள். செருமல் வந்தபோது அவள் கணவரின் சட்டைக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். குரல் ஏறியது, பாதியில் விரிசல் விட்டது, விரிசலோடேயே உச்சிக்குப் போய் நின்றது.

"கடிக்குதாம்மா?" என்றாள் பிடியை விடாமலே.

"எடது பக்கம் கொஞ்சம் உறுத்துது."

மாலையில் செட் கிண்ணத்துக்குத் திரும்பியிருந்தது. ஓரத்தைத் தேய்த்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு தினமும் காலையில் கடை திறந்ததும் பாட்டுத்தான். செட்டுக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள், பாடுகிற அந்தம்மாவை ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார்கள்.

நான் ஆணையிட்ட செட்டா? எனக்கு முப்பத்திரண்டும் சொந்தப் பல்.