மொசுமொசுக்கையின் எண்

பெப்ரவரி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, பிறேமினி சோதனைக் குழாய்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தபோது கிரிஜா ஒரு கட்டுத் தாளோடு அறைக்குள் வந்தாள். கிரிஜாவுக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர். கிழக்கு லண்டனில் அந்தப் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் விரிவுரையாளர். பிறேமினி அங்கே பதினொரு வருடமாக ஆய்வுகூட உதவியாளர். மாணவர்களின் செய்முறை வகுப்புக்கு வேண்டிய கரைசல்களைத் தயாரித்து வைப்பது அவள் வேலை.

"அக்கா, அடுத்த மாசம் மூலிகை இலையில ஆன்டிஆக்சிடன்ட் அளக்குற ப்ராக்டிகல் வைக்கலாம்னு இருக்கேன். இந்தப் பேப்பரை மாதிரியா எடுத்துக்கலாம்னு பார்த்தா, முதல் பேரு உங்க பேராவே இருக்கு. பிறேமினி சதாசிவம். நீங்களா இது?"

"எங்கட பக்கம் அந்தப் பேர் கனபேருக்கு இருக்கு, டொக்டர்" என்று சொல்லியபடியே பிறேமினி கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள்.

யாழ்ப்பாணத்து மூலிகை இலைகள் இருபத்தொன்றைப் பற்றிய கட்டுரை. 2012இல் வெளிவந்தது. மூன்று பெயர்கள். முதலில் அவளுடையது. அடுத்தது ஜம்புநாதன், அவர் காலமாகிவிட்டதைச் சொல்லும் சிறு சிலுவைக் குறி பக்கத்தில். மூன்றாவது அஜித்தா, அதன் கீழே ஒரு மின்னஞ்சல் முகவரி. பிறேமினியின் பெயருக்கு மேல் ஒரு நட்சத்திரம் இருந்தது. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் அதன் விளக்கம்: தற்போதைய முகவரி தெரியவில்லை.

பிறேமினி ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, என்னாச்சு? தண்ணி கொண்டு வரட்டா?"

"அஜித்தா இருக்கிறாள்" என்றாள் பிறேமினி. "இவள் உயிரோட இருக்கிறாள்."

2005இலும் 2006இலும் அவர்கள் இருவரும் யாழ்ப்பாணத்தில் ஜம்புநாதன் சேரின் ஆய்வுகூடத்தில் வேலை செய்தார்கள். நீளமான அறை, ஜன்னலோரம் பழைய பத்திரிகைகளை விரித்து இலைகளை நிழலில் உலர்த்துவார்கள். வல்லாரை, தூதுவளை, குறிஞ்சா, முருங்கை, மொசுமொசுக்கை. காய்ந்த இலைகளின் வாசம் உடுப்பில் ஏறி, சைக்கிளில் வீடு போய்ச் சேர்ந்த பிறகும் போகாது. இலையை அரைத்து மெதனோலில் ஊறவைத்து வடித்த சாற்றைக் கடும் ஊதாக் கரைசலில் விடவேண்டும். இலையில் ஆன்டிஆக்சிடன்ட் இருந்தால் ஊதா கரைந்து மஞ்சளாகும். எவ்வளவு கொஞ்சச் சாற்றில் ஊதா பாதியாகிறதோ, அந்த இலை அவ்வளவு வலியது. எண் சிறியதென்றால் இலை பெரியது என்று அஜித்தா சொல்வாள்.

சாற்றை விட்டபின் குழாய்களை இருட்டில் அரை மணித்தியாலம் வைக்கவேண்டும். ஆராய்ச்சிக் குறிப்பேட்டில் பதியாத பெரும் சங்கதிகள் எல்லாம் அந்த அரை மணிகளில்தான் நடந்தன. அஜித்தா கொண்டுவரும் புட்டும் பிறேமினியின் வீட்டுச் சம்பலும் ஒரே பெட்டிக்குள் கலக்கும். அஜித்தாவுக்கு வந்த மாப்பிள்ளைகளைப் பற்றி இருவரும் தீர்ப்பு எழுதுவார்கள். ஒருநாள் சிரித்த சிரிப்பில் நேரத்தைத் தவறவிட்டு, ஒன்பது குழாய்களையும் ஊற்றிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. சேர் ஒரு வார்த்தை ஏசவில்லை. "சிரிப்புக்குக் காரணம் என்னெண்டாவது சொல்லுங்கோ" என்று மட்டும் கேட்டார். சொல்லக்கூடிய காரணமாக அது இருக்கவில்லை.

2006 ஓகஸ்டில் போர் மறுபடி மூண்டு, யாழ்ப்பாணத்துக்கு வரும் ஒரே தரைப் பாதை பூட்டப்பட்டது. மெதனோல் வரவில்லை, மண்ணெண்ணெய் வரவில்லை, மின்சாரம் நினைத்த நேரம் போனது. ஒக்டோபரில் பிறேமினிக்குக் கப்பலில் திருகோணமலைக்குப் போக இடம் கிடைத்தது. குறிப்பேட்டை அஜித்தாவின் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். அஜித்தாவின் பெற்றோர் கிளிநொச்சியில். பாதை திறந்ததும் அவர்களிடம் போய்விடுவேன் என்று அவள் சொல்லியிருந்தாள். போன் எடுத்தால் மணி அடிக்கவில்லை. பிறகு வன்னியில் போர் முடிந்த 2009 வந்தது. அதன்பின் பிறேமினி யாரிடமும் அஜித்தாவைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் வந்துவிடும் என்ற பயம்.

அன்றைக்கு மத்தியானம் அந்த முகவரிக்கு ஒரு வரி எழுதினாள்: "நான் பிறேமினி. லண்டனில இருக்கிறன்." மறுநாள் காலை மனோர் பார்க் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது பதில் வந்தது. "நம்பர் தாடி."

ரயில் வந்தது, போனது. அடுத்ததும் போனது. பிறேமினி வாங்கில் உட்கார்ந்து போனில் அஜித்தாவோடு பேசிக்கொண்டிருந்தாள். முதல் ஐந்து நிமிடம் இருவரும் பேசினார்கள் என்று சொல்வதற்கில்லை; ஒருத்தி அழுகையை நிறுத்தும்போது மற்றவள் தொடங்கினாள். அஜித்தாவால் கிளிநொச்சிக்குப் போகவே முடியவில்லை. யாழ்ப்பாணத்திலேயே மாட்டிக்கொண்டதால் அவள் தப்பினாள். அப்பா தப்பவில்லை. அம்மா முகாமிலிருந்து வந்து இப்போது அவளோடு இருக்கிறார்.

"உன்னைத் தேடாத இடமில்லை" என்றாள் அஜித்தா. "கப்பலேறிப் போனதோட ஒரு தகவலும் இல்லை. முகவரி தெரியேல்லை எண்டு எழுதேக்க கை ஓடேல்லையடி. ஆனா உன்ர பேரை முதலில போடாமல் விட எனக்கு ஏலாது."

அந்த வாரம் முழுவதும் பிறேமினி தரையில் கால் படாமல் நடந்தாள். வெள்ளிக்கிழமை மாலைதான் ஆற அமர இருந்து கட்டுரையின் அட்டவணையைப் பார்த்தாள். இருபத்தொரு இலைகளில் முதலிடம் மொசுமொசுக்கைக்கு. எண் இருபத்திரண்டு.

அந்த எண்ணை அவளுக்குத் தெரியும். அவள் கடைசியாக அளந்த இலை அது. அன்று புதிய கரைசல் செய்ய மெதனோல் போதவில்லை. முந்திய நாள் மிச்சத்தையே எடுத்தாள். அது ஒரு இரவிலேயே சற்று மங்கியிருக்கும். கரைசலை மட்டும் தனியே அளந்து பார்த்திருக்க வேண்டும். ஜெனரேட்டரில் எண்ணெய் முடிகிற நேரம், அவள் முந்திய நாள் எண்ணையே கணக்கில் வைத்துக்கொண்டாள். கரைசல் தானாக இழந்த நிறமும் இலையின் பேரில் ஏறிவிட்டது. பக்க ஓரத்தில் பென்சிலால் "திரும்பச் செய்யவும்" என்று எழுதினாள். திரும்பச் செய்யக் கிடைக்கவில்லை.

கட்டுரையை நாற்பத்து மூன்று பேர் மேற்கோள் காட்டியிருந்தார்கள்.

திங்கட்கிழமை கிரிஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"யாரும் கவனிக்கலையே அக்கா, இத்தனை வருஷம்" என்றாள் கிரிஜா. பிறகு அவளே, "இல்ல, அதுக்காக விட முடியாதுதான். உங்க ஃப்ரெண்டு என்ன சொல்வாங்க?"

"தெரியாது. இப்பதான் திரும்பக் கிடைச்சவள். கிடைச்ச கையோட உன்ர பேப்பர் பிழையெண்டு சொல்லவேண்டிக் கிடக்கு."

ஈஸ்ட் ஹாமில் மூன்று கடை ஏறி இறங்கி, ஒன்றில் முசுமுசுக்கை என்று பேர் போட்ட மொசுமொசுக்கைப் பொடி ஒரு பாக்கெட் வாங்கினாள். வகுப்பு இல்லாத புதன்கிழமை கிரிஜாவின் அனுமதியோடு அளந்தாள். மூன்று முறையும் அறுபதுக்குப் பக்கத்திலேயே நின்றது. பாக்கெட்டில் எப்போது பறித்த இலையோ, எந்த மண்ணில் வளர்ந்ததோ. இதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அவளுக்கு இருந்த கொஞ்ச நப்பாசையும் போனது.

சனிக்கிழமை காலை அஜித்தாவை அழைத்துச் சொன்னாள். மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"அஜித்தா?"

"பென்சில் எழுத்தை நான் காணேல்லை" என்றாள் அஜித்தா மெதுவாக. "அந்தக் கொப்பி ரெண்டு மழைக்கு நனைஞ்சது. நீ அளந்தது எண்டதால நான் சரிபார்க்கவும் இல்லை. உன்ர வேலையைச் சரிபார்க்கிறது உன்னைச் சந்தேகப்படுற மாதிரி எனக்கு இருந்தது."

"பிழை என்ர. எனக்குத் தெரிஞ்சும் வாயால சொல்லாமல் கப்பலேறினனான்."

"இப்ப சொல்லிப்போட்டாய்தானே. வேலியில கொடி கிடக்கு. இலை பறிச்சுக் காயப்போடுறன். வாற சனிக்கிழமை செய்வம். நீ பார்த்துக்கொண்டிரு."

அடுத்த சனிக்கிழமை லண்டனில் காலைச் சாப்பாட்டு நேரம், அங்கே பின்னேரம். அஜித்தா போனை ஒரு புத்தகத்தில் சாய்த்து வைத்தாள். திரையில் சேரின் அதே நீள அறை தெரிந்தது; அஜித்தா இப்போதும் அங்கேதான் வேலை செய்தாள். சுவரின் நிறம் மாறியிருந்தது. ஜன்னலோரம் பத்திரிகை விரித்திருந்தது. அஜித்தாவின் காதோர முடி நரைத்திருந்தது. பிப்பெட்டைப் பிடிக்கும்போது உதட்டைக் கடிக்கிற பழக்கம் அப்படியே இருந்தது. புதிய கரைசலை அளந்து, எண்ணை உரக்கச் சொல்லிவிட்டு, சாற்றைத் துளித்துளியாக விட்டாள். குழாய்களைக் கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"இனி அரை மணித்தியாலம்" என்று வந்து உட்கார்ந்தாள்.

பதினெட்டு வருடத்தை அரை மணிக்குள் சொல்ல முடியாதுதான். இருந்தாலும் தொடங்கினார்கள். பிறேமினி தன் கல்யாணத்தையும், அது நாலு வருடத்தில் முடிந்ததையும், ஐந்து வருடம் சூப்பர்மார்க்கெட்டில் ஷிப்டுக்குப் போனதையும் சொன்னாள். சேர் கடைசி நாட்களில் ஆட்களை மறந்துபோனார், இலைகளின் பெயரை மட்டும் மறக்கவில்லை என்றாள் அஜித்தா. பிறகு பழைய மாப்பிள்ளைகளில் ஒருவனைத்தான் அவள் கடைசியில் கட்டியது தெரியவந்தது.

"எவன்? அந்தச் சந்தன நிறச் சேட்டுப் போட்டுக்கொண்டு பொம்பிளை பார்க்க வந்தவனோ?" என்று பிறேமினி கூவினாள்.

"மெல்லக் கதை! என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்து பக்கத்து அறையில நிக்கிறார்."

இந்தமுறை நேரத்தைத் தவறவிடவில்லை. கிரிஜா சொல்லிக்கொடுத்தபடி பிறேமினி போனில் அலாரம் வைத்திருந்தாள். எண் ஐம்பத்தெட்டு. மொசுமொசுக்கை முதலிடத்திலிருந்து பதினொன்றாம் இடத்துக்கு இறங்கியது. அஜித்தா அதைப் பேனையால் குறிப்பேட்டில் எழுதினாள். பிறேமினிக்குத் தோளிலிருந்து ஏதோ இறங்கிய மாதிரி இருந்தது. கூடவே அந்தக் கொடிக்காகக் கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

திருத்தக் கடிதத்தை ஏப்ரலில் இருவருமாக எழுதி அனுப்பினார்கள். ஆய்வுப் பத்திரிகை அதை யூன் மாதம் வெளியிட்டது. கிரிஜா தன் வகுப்பில் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பலகையில் எழுதி, இரண்டுக்கும் நடுவே என்ன நடந்திருக்கும் என்று மாணவர்களைக் கேட்டாள். சரியான விடைக்குக் கிட்ட வந்தவர்கள் இரண்டு பேர்தான்.

யாழ்ப்பாணம் போவதற்காகப் பிறேமினி ஓகஸ்டில் மூன்று வாரம் லீவு போட்டாள். சேர் அந்த நாளில் போட்ட பட்டியலில் முப்பது இலைகள்; பாதை பூட்டியதால் விட்ட ஒன்பது இன்னும் அளக்கப்படாமலே கிடந்தன.

"என்ன கொண்டு வரட்டும்?" என்று போனில் கேட்டாள்.

"இஞ்ச எல்லாம் கிடைக்குது. இலை மட்டும் கட்டிக்கொண்டு வந்திடாத, எயார்போட்டில மறிப்பாங்கள்" என்றாள் அஜித்தா. "அம்மாவுக்குச் சொல்லிப்போட்டன். நீ வாற அண்டைக்கு ஒடியல் கூழ்."