நடந்து தீராத எட்டடி

போக்குவரத்துக் காவலராக இருந்த அந்தப் பெண்ணுக்கும், கடல் கடந்து போய் அவள் தத்தெடுத்து வந்த இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவே எட்டடி தூரம் இருந்தது. அது ஒருநாளும் குறையவில்லை. அவள் அவர்களை நோக்கி நடந்தால் நடந்துகொண்டே இருப்பாள். பிள்ளைகள் பின்வாங்குவதில்லை, அறை பெரிதாவதில்லை, தரை மட்டும் அவள் காலடியில் வந்துகொண்டே இருக்கும். மற்றவர்களுக்கு அந்த இடத்தில் ஒரு தடையும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரி, சிலிண்டர் தூக்கி வருகிறவர் எல்லோரும் அதைச் சாதாரணமாகக் கடந்து போனார்கள். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரிந்திருந்த மாதிரி, தெருவில் எல்லோருக்கும் இதுவும் தெரிந்திருந்தது.

நகரத்தின் நெரிசலான நாற்சந்தியில் நின்று வண்டிகளை நிறுத்துவது அவள் வேலை. அவள் வலது உள்ளங்கையை நெஞ்சுக்கு நேராக நீட்டினால் லாரிகூட மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்று உடன் வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். கணவர் பேருந்து ஓட்டுநர். அந்தக் கைக்கு ஒருநாள் நின்றவர் பிறகு நகரவே இல்லை என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வதுண்டு. பிள்ளை மட்டும் இல்லை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி மனசு விட்டுப்போன சமயத்தில்தான், வேறொரு நாட்டு இல்லத்தில் அக்காவும் தம்பியுமாக இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று தகவல் வந்தது. பிரிக்காமல் இருவரையும் எடுத்துக்கொள்கிறவர்களுக்குத்தான் தருவார்களாம். “ரெண்டு பேருன்னா என்ன, எனக்கு ரெண்டு கை இருக்குல்ல” என்றாள் அவள். அனுமதி வந்து சேர்வதற்குள் புகைப்படத்தில் தொட்டிலில் கிடந்த தம்பி நடக்கத் தொடங்கிவிட்டான்.

அந்த இல்லத்தில் ஒரு வழக்கம் இருந்தது. முன்பு வந்த தம்பதிகள் சிலர் பிள்ளைகளை மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு, ஊருக்குப் போய் யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பி, அப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளைகள் சோறு தண்ணி இறங்காமல் வாசலையே பார்த்துக் கிடந்தார்கள். அதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போன காப்பாளர் அம்மாள், பார்வையாளர் அறையில் பிள்ளைகளின் பெஞ்சுக்கு முன்னால் சாக்கட்டியால் ஒரு கோடு கிழித்துவிட்டார். கோட்டிலிருந்து எட்டடி தள்ளி, வருகிறவர்களின் நாற்காலிகள். கையெழுத்தாகும்வரை இந்தப் பக்கத்து ஆளும் அந்தப் பக்கத்துப் பிள்ளையும் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அத்தோடு பேச்சு முடிந்தது.

பாதிச் சுவர்வரை பச்சைச் சாயம் அடித்த அறை அது. மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தரம் முனகியது. இரண்டு பிள்ளைகளையும் தலையில் தண்ணீர் தொட்டு வாரிக் கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். தம்பிக்குச் செருப்பு கால் மாறியிருந்தது. இத்தனை நாள் புகைப்படத்தில் பார்த்த முகங்களுக்கு இப்போது மூக்கு ஒழுகியது. அழுதால் தப்பாக நினைப்பார்களோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்போது யாரும் எதிர்பாராமல் அக்காக்காரி பெஞ்சிலிருந்து குதித்தாள். இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, தூக்கு என்று எந்த மொழியிலும் கேட்கிற மாதிரி ஓடிவந்து, ஒரு காலைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டாள்.

வாசலில் நின்ற காப்பாளர் அம்மாள் திரும்பினார். எல்லாம் கைநழுவிப் போய்விடும் என்ற பயத்தில், யோசிக்கக்கூட நேரமில்லாமல், அவளுடைய வலது உள்ளங்கை நெஞ்சுக்கு நேராக எழுந்துவிட்டது. நாற்சந்தியில் நீட்டுகிற அதே கை. பிள்ளை நின்றது. எத்தனையோ வண்டிகள் அப்படி நின்று அவள் பார்த்திருக்கிறாள். இவ்வளவு சின்னது நின்று பார்த்ததில்லை. அந்தக் குழந்தை சற்று நேரம் உள்ளங்கையைப் பார்த்தது, தூக்கிய கைகளை ஒவ்வொன்றாக இறக்கியது, திரும்பிப் போய்த் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது.

“இவ்ளோ கட்டுப்பாடா இருக்கிறவங்கள காப்பாளர் அம்மா பார்த்ததே இல்லையாம். இன்னிக்கே கையெழுத்து போட்டுடலாம்னு சொல்றாங்க” என்றாள் மொழிபெயர்க்க வந்த பெண், சந்தோஷமாக.

கையெழுத்தானதும் ஈரத்துணி கொண்டுவந்து கோட்டைத் துடைத்தார்கள். கணவர் எழுந்து போய் இருவரையும் அள்ளிக்கொண்டார். சின்னவன் அவர் மீசையைப் பிடித்து இழுத்தான். அவளும் எழுந்து நடந்தாள்.

“என்ன அங்கேயே நிக்கிற, வா” என்றார் கணவர்.

“வந்துட்டுதாங்க இருக்கேன்” என்றாள் அவள். வேர்த்துக் கொட்டும்வரை வந்துகொண்டிருந்தாள். அவர் பிள்ளைகளைச் சுமந்துகொண்டு அவள் பக்கம் வந்துபார்த்தார். அவரும் நடந்துகொண்டே இருந்தார். இறக்கிவிட்டு வந்தபோது மூன்றே எட்டில் வந்துவிட்டார். காப்பாளர் அம்மாள் இதையெல்லாம் கவனித்துவிட்டு ஏதோ சொன்னார். “கோட்ட நாங்க அழிச்சுட்டோம், கைய நீங்கதான் இறக்கணும்னு சொல்றாங்க” என்றாள் மொழிபெயர்ப்பவள். “எப்பவோ இறக்கிட்டேனேம்மா” என்றாள் இவள். விமானத்தில் நான்கு வரிசை பின்னால் உட்கார்ந்து இரண்டு உச்சந்தலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

எட்டடி விட்டும் எல்லோரும் ஒரே அறையில் இருக்கவென்று, வீட்டில் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவிலிருந்த சுவரை இடித்தார்கள். நில அளவைக்காரர் ஒருவர் சங்கிலியோடு வந்து அளந்து எட்டடி இரண்டங்குலம் என்றார். அந்த இரண்டு அங்குலம் பிள்ளைகளோடதா தங்களோடதா என்று கணவர் கேட்டு அவரைச் சிரிக்க வைத்தார். பந்து போகும், சாப்பாட்டுத் தட்டு போகும், அவளுடைய குரல் போகும். அவள்தான் போக முடியாது. பிள்ளைகள் மொழி கற்றுக்கொண்டு அவளை அம்மா என்றே கூப்பிட்டார்கள். தலை வாருவது எப்படி என்று அவள் வாயால் சொல்ல, ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கைகளால் கணவர் பின்னல் போட்டுவிடுவார். தினமும் காலையில் அவள் அவர் கன்னத்தில் இரண்டு முத்தம் கொடுப்பாள். அவர் அவற்றைக் கொண்டுபோய்ப் பிள்ளைகளிடம் சேர்ப்பார். சில நாள் பாதியில் நின்று, “கொஞ்சம் சிந்திடுச்சு, இன்னொண்ணு குடு” என்பார்.

சின்னவனுக்குக் காய்ச்சல் கண்ட ஒருநாள் கணவர் பேருந்தோடு வெளியூரில் இருந்தார். அவள் ஒட்டடைக் கம்பின் நுனியில் ஈரத்துணி கட்டி அவன் நெற்றியில் வைத்தாள். கம்பு வழியாகச் சூடு தெரியவில்லை. காய்கிறதா குறைகிறதா என்று அக்காக்காரி தொட்டுத் தொட்டுச் சொன்னாள். “நான் ஒரு பாவி” என்று அவள் அப்போது வாய்விட்டே சொன்னாள். பெற்ற பிள்ளையைத் தொலைத்தவர்கள்கூட ஒருமுறையாவது தொட்டிருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நினைப்புக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு நிலைக்கவில்லை.

நிறுத்தியவள்தானே புறப்படவும் விட வேண்டும் என்று அவளுடைய மேலதிகாரி ஒரு யோசனை சொன்னார். ஞாயிற்றுக்கிழமை தெருவை அடைத்து, சீருடை போட்டுக்கொண்டு, வண்டிகளைப் போகவிடும் சைகையை அவள் காட்டினாள். பிள்ளைகள் ஓடிவந்தார்கள். அவர்கள் மூச்சு வாங்கி உட்காரும்வரை தெரு அவர்கள் காலடியிலும் வந்துகொண்டே இருந்தது. தம்பி அழுதான். அவள் தொப்பியைக் கழற்றினாள், மறுநாளே மாற்றல் கேட்டு அலுவலகத்துக்குள் போய்விட்டாள். மறுபடி எந்த வண்டிக்கும் கை காட்டவில்லை. அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

வருடங்கள் போயின. மகள் பல் மருத்துவரிடம் வேலைக்குச் சேர்ந்தாள், மகன் அப்பாவின் சட்டையைப் போடும் அளவுக்கு வளர்ந்தான். கணவர் ஓய்வு பெற்றார். ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நல்ல உயரமான மனிதர். கூடத்தில் பாய் விரித்து அவரை நீட்டிப் படுக்கவைத்தார்கள். அவள் தலைமாட்டில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். மகளும் மகனும் கால்மாட்டில் உட்கார்ந்து ஆளுக்கொரு பாதத்தைப் பிடித்துக்கொண்டார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் பழக்கப்படி அந்த மூவருக்கும் நடுவில் குறுக்கே போய் வர முடியாமல், அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். இனிமேல் காலை முத்தத்தை யார் கொண்டுபோவார்கள் என்று அவள் அவர் காதில் மெதுவாகக் கேட்டாள். மகள் பாதத்தை அழுத்தினால் மடியில் இருந்த தலை லேசாக அசைந்தது. அவள் நெற்றியை நீவினால் அந்தப் பக்கம் பாதம் அசைந்தது. அது தெரிந்த பிறகு யாரும் கையை எடுக்கவில்லை.

வாசலில் வண்டி வந்து நின்று வெகுநேரம் ஆகிவிட்டது. நேரமாகிறது, எடுக்கலாமா என்று ஒருவர் குனிந்து கேட்டார்.

“இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்ணா. அம்மா பக்கத்துல இருக்காங்க” என்றாள் மகள்.

அவர் தலையாட்டிவிட்டு வெளியே போய், எஞ்சினை அணைத்துவிடும்படி வண்டிக்காரரிடம் சொன்னார்.