கண்ணாடியைக் கழற்றினால் முடிந்தது என்று அர்த்தம்

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கற்பனையில் பிறக்கவில்லை. என் மாமனார் என்மேல் வைத்திருந்த மரியாதையும் நான் அவர்மேல் வைத்திருந்த மரியாதையும் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நேருக்கு நேர் மோதிக்கொண்டதில் பிறந்தது. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் முப்பத்திரண்டு பேர். அத்தனை பேரும் கைதட்டினார்கள்.

ஆரம்ப வரிக்காக மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். முதலில் எழுதியது இது:

மழை தூறிக்கொண்டிருந்த அந்த மாலையில், சாக்ஸபோனின் சோகம் புத்தகங்களின்மேல் மெல்ல

அன்று மழை பெய்யவில்லை. சாக்ஸபோனுக்கும் சோகம் ஒன்றும் கிடையாது, மாமனார் அதை நன்றாகத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருந்தார். அடுத்தது:

ஜாஸ் என்பது யாதெனில்

இதை என் மனைவி பென்சிலால் அடித்துவிட்டு, ஓரத்தில் ‘யாதெனில்னு ஆரம்பிச்சா நானே எழுந்து போயிடுவேன்’ என்று எழுதியிருக்கிறாள். என் கதைகளின் முதல் வாசகி அவள்தான். பல கதைகளுக்குக் கடைசி வாசகியும் அவள்தான். சாக்ஸபோன்காரரின் மகள் என்பதால் இந்தக் கதையில் அவள் பென்சிலுக்குக் கூடுதல் அதிகாரம் உண்டு.

2

மாமா ஒரு பெரிய ஹோட்டலின் சாப்பாட்டு அறையில் முப்பத்தோரு வருடம் ஜாஸ் வாசித்தவர். சாப்பிடுகிறவர்கள் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். ஸ்பூன் சத்தத்துக்குமேல் எவ்வளவு ஏறினால் மேனேஜர் முறைப்பார் என்பது அவருக்கு அத்துப்படி. ஓய்வுபெற்று, மாமியும் போனபிறகு, ‘ஒரு பதினைந்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன்’ என்று எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்து பதினான்கு மாதம் ஆகிறது. இத்தனை நாளில் நாங்கள் இருவரும் தினமும் பேசிக்கொண்டதை முழுவதுமாகக் கீழே தருகிறேன்:

“சாப்டீங்களா மாமா?”

“ஆச்சு மாப்ள.”

(இரவில் இதே உரையாடலை அவர் தொடங்கி நான் முடிப்பேன்.)

இனி நான். குக்கர், மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி இவற்றோடு பெட்டிக்குள் ஒரு தாள் மடித்து வைத்திருப்பார்கள் அல்லவா, ‘பயன்படுத்தும் முன் கவனமாகப் படிக்கவும்’ என்று? அதை எழுதுவது என் வேலை. நீங்கள் படிக்காமல் தூக்கிப்போட்டவற்றில் பாதியாவது என்னுடையதாக இருக்கும். கதை, கவிதை எல்லாம் அலுவலகம் விட்டு வந்தபிறகுதான்.

மேடை, எங்கள் தெருமுனைப் புத்தகக் கடை. சமையல் அலமாரிக்கும் பயண அலமாரிக்கும் நடுவே நாலடி இடம், நாலு தினுசில் நாற்காலிகள். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு அங்கே ஜாஸும் கவிதையும் நடக்கும். “வாங்கிப் படிக்கமாட்டாங்க, கேட்டாவது தொலையட்டும்” என்பது கடைக்காரம்மாவின் கொள்கை. இந்தப் பாத்திரம் எனக்குச் சரியாக வரவில்லை. நிஜத்தில் அவர் மூச்சு விடாமல் பேசுவார். அப்படியே எழுதினால் கதை அவருடையதாகிவிடும் என்பதால் ஒரே ஒரு வசனத்தோடு நிறுத்தியிருக்கிறேன். இன்னொன்று பின்னால் வரும்.

டிரம்ஸ் வாசிப்பவர் லிஃப்ட் மெக்கானிக்.*

* இதைப் படித்துப் பார்த்துவிட்டு அவர், “என்னப் பத்தி ஒரே ஒரு வரிதானா சார்?” என்று கேட்டார். ஆகவே இந்த அடிக்குறிப்பு.

3

நானும் மாமாவும் சேர்ந்து மேடையேறிய அந்த முதல் சனிக்கிழமை. என் கவிதையின் பெயர் ‘தண்ணீர்த் தொட்டி’, பதினான்கு வரி. நல்ல கவிதை என்று சொல்லமாட்டேன், சின்னக் கவிதை. மாமா பின்னால் மெல்ல வாசிக்க, நான் படித்தேன். பதினான்காவது வரி முடிந்ததும் நிறுத்தினேன்.

ஒருவரும் அசையவில்லை. புதுக்கவிதையில் இதுதான் தொல்லை, எங்கே முடிகிறது என்று எழுதியவன் சொன்னால்தான் தெரியும். நான் மூச்சு வாங்குவதாக நினைத்து மாமா தொடர்ந்து வாசித்தார். மாமனார் வாசித்துக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை போய் உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும்? மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். மாப்பிள்ளை படிக்கும்போது வாயை எடுத்தால் அவமரியாதை ஆகிவிடுமே என்று அவரும் புதிதாக ஒரு சுற்று ஆரம்பித்தார்.

தொட்டியை மூன்று தடவை படித்தேன். எனக்கே அலுத்துவிட்டது. கையை நீட்டினால் பயண அலமாரி, கிடைத்தது ஒரு பழைய ரயில் கால அட்டவணை. ஊர்ப் பெயர்களை விட்டுவிட்டு நேரங்களை மட்டும் படித்தேன். ஐந்து பத்து. ஐந்து நாற்பத்தெட்டு. ஆறு ஒன்பது. சாக்ஸபோன் ஒவ்வொரு வண்டியையும் வழியனுப்பியது. அட்டவணையும் தீர்ந்தது. என் பைக்குள் நான் திருத்திக்கொண்டிருந்த குக்கர் தாள் இருந்தது. வேறு வழியில்லை.

“படி ஏழு. ஆவி முழுவதும் அடங்கும்வரை மூடியைத் திறக்க முயலாதீர்கள். படி எட்டு. அவசரப்படாதீர்கள்.”

முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இது எப்படி முடிந்தது என்றால், மெக்கானிக்கின் போன் அடித்தது. எங்கோ மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே இரண்டு பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு ஓடினார். டிரம்ஸே போய்விட்டது என்ற சாக்கில் நாங்களும் நிறுத்தினோம். நாற்பத்தேழு நிமிடம். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

“அந்த ஆவி அடங்கற எடம் இருக்கே,” என்றார் கடைக்காரம்மா, “என்னமோ பண்ணிடுச்சுங்க.” (இரண்டாவது வசனம்.)

மாமாவைப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக முப்பத்திரண்டு பேர் சாப்பிடாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாக்ஸபோனை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைக் குழந்தையைப்போல் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, “சாப்டீங்களா மாமா?” என்று கேட்டேன்.

4

இதுவரை சிரிப்புக் கதை. இனிமேலும் அப்படியே கொண்டுபோகத்தான் பார்த்தேன், ஆனால் மாமா பெட்டி கட்டிவிட்டார்.

ஒவ்வொரு மாதமும் அவர், “அடுத்த வாரம் கெளம்பலாம்னு இருக்கேன் மாப்ள” என்பார். நானும் ஒவ்வொரு மாதமும், “உங்க இஷ்டம் மாமா” என்பேன். பெரியவரை வற்புறுத்தக் கூடாது, அவர் விருப்பம்தான் முக்கியம் என்ற நினைப்பு. இந்தத் தடவை நிஜமாகவே டிக்கெட் எடுத்துவிட்டார். தம்பி மகனின் பிளாட், வேறு ஊர். இந்தச் சனிக்கிழமை வாசிப்பு முடிந்ததும் ஏழு நாற்பது பஸ். அந்தக் கட்டடத்தின் விதிமுறைப் பட்டியலில் நாய், பூனைக்கு அடுத்த வரியில் இசைக்கருவி இருக்கிறதாம். அதனால் சாக்ஸபோனைக் கடைக்காரம்மாவிடம் கொடுத்துவிடப் போகிறார்.

“அங்க இதெல்லாம் எதுக்கு மாப்ள,” என்றார். நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்கே தெரியும்.

சமையலறையில் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“‘உங்க இஷ்டம்’னா என்னன்னு நெனச்சீங்க? போய்ட்டு வாங்கன்னுதான அவரு எடுத்துப்பாரு?”

“மரியாதைக்குச் சொன்னேன்.”

“ஒங்க மரியாதைல தீய வைக்க. பதினாலு மாசமா அவரு எதுக்கு அதையே திருப்பித் திருப்பிச் சொல்றாருன்னு யோசிச்சீங்களா? ஒரு தடவையாவது இருங்கன்னு சொல்லுவீங்களான்னுதான்.”

“நீ சொல்லேன்.”

“நூறு தடவ சொல்லிட்டேன். ‘நீ பொண்ணு, சொல்லத்தான் செய்வே. வீடு அவரோடதும்தானே’ங்கறாரு.”

அவர் அறைக்குப் போனேன். சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது இது: “பெட்டியோட பூட்ட ரெண்டு தடவ இழுத்துப் பாத்துடுங்க மாமா.” இருபது வருடம் கையேடு எழுதினால் நாக்கு அப்படித்தான் ஆகும்.

5

ஆகவே இந்தக் கதை. வாயால் சொல்ல வராததைக் காகிதத்தில் எழுதிக் கடையில் அவர் முன்னால் படித்துவிடுவது என்று முடிவு செய்தேன். இதைப் படிக்கும்போது பின்னால் வாசிக்கப்போவதும் அவர்தான். அவருக்குக் கதை என்னவென்று தெரியாது. ஆனால் நேற்று ஒரு நிபந்தனை போட்டார்.

“இந்தத் தடவ எங்க முடியுதுன்னு சரியா காட்டிடுங்க மாப்ள. பஸ்ஸு இருக்கு. கடைசி வரி படிச்சதும் மூக்குக்கண்ணாடியக் கழட்டுங்க. நான் ரெண்டே சுத்துல முடிச்சு வீட்டுக்கு வந்துடறேன்.”

வீட்டுக்கு வருவது என்பது ஜாஸ்காரர்கள் பேச்சு. தெரிந்த மெட்டை எடுத்துக்கொண்டு எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் தொடங்கிய இடத்துக்கே திரும்புவதை அப்படிச் சொல்வார். இதைவைத்து இங்கே ஒரு பத்தி உருக்கமாக எழுதினேன். மனைவி முழுப் பத்தியையும் அடித்துவிட்டாள்.

பாக்கி இருப்பது கடைசி வரி. முயன்றவற்றை மறைக்காமல் தருகிறேன்.

முடிவு ஒன்று: மாமா போய்விடுகிறார். சாக்ஸபோன் கடைச் சுவரில் தொங்குகிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் காற்று அதன் வாயில் புகுந்து (இதற்குமேல் எழுத முடியவில்லை. காற்று புகாது என்பதால் அல்ல.)

முடிவு இரண்டு: பஸ் நிலையத்துக்கு ஓடுகிறேன். பஸ் நகர்கிறது. “மாமா!” என்று கத்துகிறேன். ஜன்னல் வழியே ஒரு கை. (பென்சில்: ‘உங்களால ஓட முடியாது. மூணு படி ஏறினா மூச்சு வாங்குது.’)

முடிவு மூன்று: எங்காவது லிஃப்ட் நிற்கிறது, மெக்கானிக்குக்குப் போன் வருகிறது, எல்லாம் தானாக முடிகிறது. இது அவரே கேட்டு வாங்கிய முடிவு.

வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. கடைசிப் பக்கம் வெள்ளையாக இருக்கிறது. அப்படியே எடுத்துக்கொண்டு போகப்போகிறேன்.

6

[இதற்குமேல் காகிதத்தில் எதுவும் இல்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து என் மனைவி போனில் பதிவு செய்ததை அப்படியே எழுத்தில் தருகிறேன். பென்சில் படவில்லை.]

…அவ்வளவுதாங்க எழுதி வெச்சிருந்தது. இந்தப் பக்கம் காலி, பாருங்க. எழுதினா எல்லாமே சினிமா மாதிரி வருது. அதனால சும்மா சொல்லிடறேன். நான் திரும்பிப் பாக்கமாட்டேன், திரும்பினா சொல்ல வராது.

மாமா. கதை உங்களப் பத்திதான்னு இந்நேரம் தெரிஞ்சிருக்கும். வாசிக்கறத நிறுத்தாதீங்க, வாசிச்சுக்கிட்டே கேளுங்க. பதினாலு மாசமா தெனம் காலைல நீங்க பாத்ரூம்ல வாசிக்கறதக் கேட்டுத்தான் நான் எழுந்திருக்கறேன். அலாரம் வெக்கறதயே விட்டுட்டேன். நீங்க போனா வீடு எனக்குப் பிடிக்காது. இத்தன நாள் உங்க இஷ்டம், உங்க இஷ்டம்னு சொன்னேன். தப்பு. இது என் இஷ்டம் மாமா. இருங்க.

அவ்வளவுதான். கடைசி வரி அதான். இதோ, கண்ணாடியக் கழட்டிட்டேன்.

டிரம்ஸ் நின்னுடுச்சு. கேக்குதா? மெக்கானிக் பாத்துட்டாரு. தேங்க்ஸ் சார்.

மாமா நிறுத்தல.

இப்பத் திரும்பிட்டேன். ஆனா கண்ணாடி இல்லாம எனக்கு ஒண்ணும் சரியாத் தெரியல. அவரு நிக்கற எடத்துல மஞ்சளா ஏதோ மினுங்குது, அவ்வளவுதான். கண்ண மூடிக்கிட்டு வாசிக்கறாரா? இல்ல, பாத்துட்டேதான் வாசிக்கறாரா? முன்வரிசைல இருக்கறவங்க யாராவது… வேணாம், சொல்லாதீங்க.

ரெண்டு சுத்துன்னாரு. இது ஏழாவது.

மாப்ள இன்னும் பேசறானே, முடிக்கட்டும்னு மரியாதைக்கு வாசிக்கறாரோ என்னமோ. அப்படியும் இருக்கலாம். இல்லேன்னா இதுதான் பதிலோ. எனக்குத் தெரியல. இந்தக் கதைக்கு முடிவு எதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சா நீங்களே வெச்சுக்கோங்க. மணி ஏழு பத்து ஆவுது. பெட்டி அங்க கல்லா பக்கத்துல இருக்கு. பஸ்ஸு ஏழு நாப்பதுக்கு. நான் படிச்சுக்கிட்டு இருக்கற வரைக்கும் அவரு நகரமாட்டாரு, எனக்கு அவரத் தெரியும்.

கண்ணாடியத் திரும்பப் போட்டுக்கறேன். போட்டா இன்னும் முடியலன்னு அர்த்தம்.

உங்க கைக்கெட்டற தூரத்துல ஒரு புஸ்தகம் இருக்கும் பாருங்க. எதுவா இருந்தாலும் சரி, எடுத்து இப்படிக் குடுங்க. கொஞ்சம் தடியானதா.