வ வரிசைக்கான இருக்கை

என் மனைவி வசந்தாமணியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆஸ்பத்திரி வாசலில். காரிலிருந்து தானாகத்தான் இறங்கினாள். கதவில் மாட்டிய சேலைத் தலைப்பை விடுவித்துக்கொண்டு, "நான் உள்ள போறேன், நீங்க வண்டிய நிறுத்திட்டு வாங்க" என்றாள். வண்டி நிறுத்த இடம் கிடைக்க இருபது நிமிடம் ஆனது. ஏன் அவ்வளவு நேரம் ஆனது என்பதை அவளிடம் சொல்ல முடியாமல் போனது.

ஒன்றரை வருடம் கழித்துக் காரின் ஸ்டீரியோ நின்றுபோனதால் புதியது வாங்கினேன். எங்கள் நாமக்கல்லில் புது ஸ்டீரியோவோடு செல்போனை இணைத்தால், போனில் பெயர் பதிந்திருக்கும் ஆட்கள் அகர வரிசைப்படி வந்து காரில் ஏறிக்கொள்வார்கள். ஏறியவர்களை அவரவர் இருந்த இடத்தில் கொண்டுபோய் விட்டால்தான் அடுத்தவர்கள் வருவார்கள். வெளியூர்க்காரர்களைப் பஸ் ஸ்டாண்டில் விட்டால் போதும். கடைசி ஆள் இறங்கியதும் இணைப்பு முடிந்துவிடும்.

ஸ்டீரியோவைப் பொருத்திய யூசுப், திரையைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பாட்டு மட்டும் போதும்னா 'வேண்டாம்'னு அமுக்குங்கண்ணா. பத்து நிமிஷத்துல வீட்டுக்குப் போயிரலாம்."

"ஆளுங்களும் வேணும்."

"எத்தனை பேரு?"

"அறுபத்தேழு."

"பெட்ரோல் ரொப்பிக்கங்க. நடுவுல என்ஜினை அணைச்சீங்கன்னா மறுபடியும் 'அ'விலருந்து ஆரம்பிக்கும். ஒரு வாத்தியார் மூணு நாளா சுத்திட்டிருக்காரு."

"தவறிப்போனவங்க பேரு இருந்தா?"

"பட்டியல்ல இருந்தா வருங்கண்ணா. அது மத்ததையெல்லாம் பாக்காது."

போனிலும் ஸ்டீரியோவிலும் ஒரே ஆறு இலக்க எண் வர வேண்டும். மூன்று முறை வேறு வேறு எண்கள் வந்தன. நான்காவது முறை ஒன்றாக வந்தது. எதை மாற்றிச் செய்தேன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. 'தொடர்புகளை அனுமதிக்கவா?' என்று கேட்டது. அனுமதித்தேன்.

முன் இருக்கையில் ஸ்டீரியோ வந்த அட்டைப்பெட்டியை வைத்தேன். அது வசந்தாமணிக்கான இடம். அவள் வந்ததும் அந்த இருபது நிமிடத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எனக்கு வேறு வேலை இல்லை.

காலை ஒன்பதரைக்கு அரிசிக்கடைக்காரர் பின் இருக்கையில் வந்து உட்கார்ந்தார். கையில் ஒரு பிடி பொன்னி அரிசி இருந்தது.

"அட, சென்னியப்பன்! ஸ்டீரியோ மாத்திட்டீங்களா? எதுக்கு என்னைப் பின்னாடி நெருக்கறீங்க, முன்னாடி காலியாத்தான கெடக்குது?"

"வ வரிசையில ஒருத்தர் வரணுங்க."

அவர் துக்கத்துக்கு வந்திருந்தவர். கையிலிருந்த அரிசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பக்கத்திலிருந்தவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்த நடையில் இட்லி மாவு சரோஜா வந்தாள். முழங்கை வரைக்கும் மாவு. "கிரைண்டர் ஓடிட்டு இருக்குதுங்க, பேசிட்டே ஓட்டாம சுருக்கா விடுங்க. போன வாரம் இப்படித்தான் யாரோ ஒருத்தரு கார்ல கூட்டிட்டு வந்து, உளுந்து பூரா பொங்கி வழிஞ்சு போச்சு" என்றாள். சீட்டில் கை படாமல் இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்தபடியே இறங்கிப் போனாள்.

நடைக்கு மூன்று பேர். 'க'வில் பத்து பேர் இருந்தார்கள். அவர்களில் இருவர் பேச்சு வார்த்தை இல்லாத பங்காளிகள். நடுவில் கேபிள்காரர் உட்கார்ந்துகொண்டதால் பிரச்சினை இல்லை.

மதியம் டாக்டர் வந்தார். யாருடைய நாடியையோ பார்த்துக்கொண்டிருந்தவர் போலிருக்கிறது. விரல்களை வளைத்து வைத்துக்கொண்டு, தன் கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்தார். மணிக்கூண்டு தாண்டிய பிறகுதான் தலை நிமிர்ந்தார்.

"முன் சீட்டு யாருக்கு?"

"வசந்தாமணிக்குங்க டாக்டர்."

"நல்லது. மாத்திரையை நிறுத்த வேண்டாம்னு சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். வசந்தாமணி இறந்துவிட்டாள் என்று என்னிடம் சொன்னவர் அவர்தான்.

'ம'வில் என் மச்சினன் துரைசாமி வந்தான். அவனுடைய பலகாரக் கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தினேன். மற்ற இருவரும் வழியிலேயே இறங்கியிருந்தார்கள். அவன் கதவைத் திறக்கவில்லை.

"எறங்கு துரை."

"அக்கா வருதுன்னா நானும் இருக்கறேன் மாமா."

"நீ எறங்கலைன்னா அவ ஏற முடியாது."

"ஓரமா உக்காந்துக்கறேன். பேசக்கூட மாட்டேன்."

"நீ எப்படா பேசாம இருந்திருக்கற?"

அவன் சிரித்தான். பெட்ரோல் முள் பாதிக்குக் கீழே வந்திருந்தது. அவனுக்கு அதைக் காட்டினேன். பிறகு, "நான் கேட்டேன்னு அக்காகிட்டச் சொல்லுங்க" என்று இறங்கிப் போனான். கடைக்குள் போய்விட்டுத் திரும்பி வந்து, ஜன்னல் வழியாக ஒரு பொட்டலம் மிக்சரை நீட்டினான்.

ஐந்து மணி சுமாருக்கு ஸ்டீரியோவின் திரையில் வசந்தாமணி என்ற பெயர் வந்தது. அட்டைப்பெட்டியை எடுத்துப் பின்னால் போட்டேன். தலையைச் சீவிக்கொள்ளலாமா என்று நினைத்தேன். அதற்குள் முன் கதவு திறந்து, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் ஆள் ஏறி உட்கார்ந்தார். அடர்ந்த மீசை. தோளெல்லாம் மக்காச்சோள மாவு.

"வசந்தாமணிங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வண்டியைக் கிளப்பினேன். பரமத்தி ரோட்டில் திரும்பும்போது அவரே பேசினார்.

"என் பேரு சின்ராசுங்க. கோழிப்பண்ணையில தீவனம் கலக்கறேன். அவங்க நம்பருக்கு நீங்க ரீசார்ஜ் பண்ணலைங்களாட்ட இருக்குது. ஆவணியில கம்பெனிக்காரங்க அதை எனக்குக் குடுத்துட்டாங்க. மொதல்ல நானும், அவங்க இல்லீங்க, ராங் நம்பருங்கன்னு சொல்லிட்டுத்தான் இருந்தேன். நாளைக்குப் பத்துப் போனுங்க. அப்பறம் ஆமா, வசந்தாமணிதான்னு சொல்ல ஆரம்பிச்சேன். அதான் சுலபமா இருந்துச்சு."

"யார் யார் கூப்பிடறாங்க?"

"கரூருல இருந்து சித்தி செவ்வாக்கெழமை செவ்வாக்கெழமை கூப்புடுவாங்க. மருமக சரியில்லைன்னு அழுவாங்க. கேட்டுக்குவேன். ஒரு சீருக்கும் ஒரு காதுகுத்துக்கும் போயிட்டு வந்தேன். எலுமிச்சங்கா ஊறுகாய்க்கு உப்பு எத்தனைன்னு ஒருத்தங்க கேட்டாங்க. தெரியலைன்னு சொல்லக் கூடாதுன்னு எங்கூட்டுக்காரிகிட்டக் கேட்டுச் சொன்னேன்."

"சரியா வந்துச்சா?"

"கொஞ்சம் கரிச்சுப் போச்சாம். வசந்தாமணி கைப்பக்குவம் மாறிப்போச்சுன்னு சொன்னாங்களாம்."

பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"எல்லாருங் கூப்புட்டாங்க. நீங்க மட்டும் ஒருக்காக் கூடக் கூப்புடலைங்க."

நான் யோசித்துப் பார்த்தேன். "வீட்டுக்குள்ளயே இருந்தோம். போன்ல பேசிப் பழக்கமில்லை" என்றேன்.

"அதுஞ் சரிதானுங்க."

கோழிப்பண்ணைக்குத் திரும்பும் மண் ரோடு வந்தது. இனி நேரமில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "அன்னைக்கு நிறுத்த எடம் கெடைக்கலை. ரெண்டு சுத்து சுத்தி வந்தேன். ஒருத்தன் வண்டிய எடுக்கறேன்னு சொல்லிட்டு போன் பேசிட்டே நின்னான். அவனுக்காக நின்னுட்டேன். அப்படியே போட்டுட்டு ஓடி வந்திருக்கலாம். அபராதம் போடுவாங்கன்னு பயந்துட்டேன்."

சின்ராசு மீசையில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்தார்.

"அந்த ஆஸ்பத்திரியில எப்பவுமே எடம் கெடைக்காதுங்க. நான் உள்ள போயி உக்காந்துக்கிட்டேன். ஃபேன் ஓடிட்டு இருந்துச்சு."

தீவனக் கொட்டகை முன்னால் இறங்கினார். மச்சினன் கேட்டதாகச் சொல்லி மிக்சரைக் கொடுத்தேன். மாத்திரையைப் பற்றியும் சொன்னேன். சரி என்றார். கதவைச் சாத்துவதற்குள் அவருடைய போன் அடித்தது. "ஆமா, வசந்தாமணிதான், சொல்லு கண்ணு" என்றபடி நடந்தார்.

நான் கியர் போடக் கையை நீட்டினேன். கையில் கியர் தட்டுப்படவில்லை. நான் வேறொரு காரின் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். ஓட்டிக்கொண்டிருந்தது பரிமளா, வசந்தாமணியோடு அங்கன்வாடியில் வேலை பார்த்தவர். அவரும் அன்றைக்குத்தான் ஸ்டீரியோ மாற்றியிருந்தார். அவருடைய போனில் நான் 'வசந்தாமணி வீட்டுக்காரர்'. அகர வரிசையில் 'வசந்தாமணி' எனக்கு முன்னால் வரும் பெயர் என்பதால், சின்ராசு எனக்கு இடப்பக்கத்தில் மிக்சர் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார்.

பரிமளா கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் சேந்து வந்து எத்தனை நாளாச்சு" என்றார். "எங்கீங்க எறக்கி விடட்டும்?"

கோழிப்பண்ணை ரோட்டில் என்று சொன்னேன். சின்ராசு பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நீட்டினார்.

என் கார் அங்கே என்ஜின் ஓடியபடி நின்றது. பெட்ரோல் கால் டேங்க் இருந்தது. பட்டியலில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள்.